அம்புக்குறி விசைகள் இல்லாமல் பிறந்த கணினி

1984ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி கலிபோர்னியாவின் குப்பர்ட்டினோ நகரில் அப்பிள் நிறுவனம் மக்கின்ரோஷ் கணினியை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. விலை 2,495 டொலர்கள். அந்தக் கணினியைப் பற்றி அன்று எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் திரையைப் பற்றியும், அதற்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்த மவுஸ் எனும் சிறு பெட்டியைப் பற்றியுமே எழுதினார்கள். விசைப்பலகையை உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. அதில் மேல், கீழ், இடம், வலம் நகர்த்தும் நான்கு அம்புக்குறி விசைகளும் இருக்கவில்லை. அக்காலத்து ஐ.பி.எம். கணினிகளில் இருந்த எஃப் வரிசை விசைகளும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் முதல் வரிக்குச் சென்று ஓர் எழுத்தைத் திருத்த விரும்பினால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து, மவுஸைப் பிடித்து, குறியை அந்த இடத்துக்கு நகர்த்தி, அழுத்தி, பிறகு கையைத் திரும்பவும் விசைப்பலகைக்குக் கொண்டுவர வேண்டும். வேறு வழி வைக்கப்படவில்லை.

இது மறதியால் நேர்ந்ததல்ல. செலவைக் குறைக்கச் செய்ததுமல்ல. அன்றைய மென்பொருட்கள் யாவும் விசைப்பலகையை மாத்திரம் நம்பி எழுதப்பட்டவை. அம்புக்குறி விசைகள் இருந்தால், மென்பொருள் நிறுவனங்கள் தமது பழைய சரக்கை அப்படியே மக்கின்ரோஷுக்கு மாற்றி விற்றுவிடும். மவுஸ் மேசையின் மூலையில் தூசு படிந்து கிடக்கும். அந்த விசைகள் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் புதிதாக எழுதியே ஆகவேண்டும். ஸ்டீவ் ஜொப்ஸின் கணக்கு அதுதான். அந்தக் கணக்கு சரியாகவே முடிந்தது என்பதை வரலாறு காட்டுகிறது. ஆனால் அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் யார் என்றால், நாள் முழுவதும் எழுதிப் பிழைக்கும் மனிதர்கள். தட்டச்சுக்காரர்கள், செயலாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள்.

இன்று மாக் கணினியின் மேசைத்திரையைத் தம் விருப்பப்படி மாற்றி, மவுஸைத் தொடாமலே வேலை செய்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள். கொமாண்ட் விசையையும் இடைவெளி விசையையும் அழுத்தி இரண்டெழுத்துத் தட்டினால் வேண்டிய மென்பொருள் திறக்கிறது. இதனை ஏதோ புதிய நாகரிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வழக்கின் அண்மைய தவணை எனலாம். அந்த வழக்கின் தொடக்கத்தைத் தேடினால் மக்கின்ரோஷுக்கும் முன்னே போக வேண்டியிருக்கிறது.

மவுஸைக் கண்டுபிடித்தவர் டக்ளஸ் எங்கெல்பாட் என்பதை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அவர் நடத்திய தொண்ணூறு நிமிட செய்முறை விளக்கத்தில் மவுஸ், இணைப்புச் சொற்கள், திரைவழி உரையாடல் எல்லாமே காட்டப்பட்டன. ஆனால் அந்த மேசையில் இன்னொரு கருவியும் இருந்தது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். எங்கெல்பாட்டின் வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கையின் கீழே பியானோவின் கட்டைகளைப் போன்ற ஐந்து விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை இருந்தது. ஐந்து விரல்களையும் வெவ்வேறு சேர்க்கைகளில் அழுத்தினால் 31 குறிகள் கிடைக்கும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களுக்கும் அது போதும். வலக்கை சுட்டிக்காட்டும், இடக்கை கட்டளையிடும். இரு கைகளும் ஒருசேர உழைக்கும்.

இதனைப் பழகுவதற்கு நாட்கள் எடுக்கும் என்பது உண்மையே. எங்கெல்பாட் அதற்காக வருந்தவில்லை. மூன்று சக்கர சைக்கிளை எவரும் உடனே ஓட்டலாம், இரண்டு சக்கரத்தைப் பழகத்தான் வேண்டும், ஆனால் எவர் தொலைதூரம் போவார் என்பதே அவருடைய வாதம். உலகம் அவருடைய மவுஸை எடுத்துக்கொண்டது. ஐந்து விசைப் பலகையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டது.

அடுத்த காட்சி செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுகூடம். 1970களின் நடுப்பகுதி. அங்கு உருவான 'பிராவோ' என்ற எழுத்தாக்க மென்பொருளில் ஒரு பெரும் தொல்லை இருந்தது. எழுதும் நிலை வேறு, கட்டளையிடும் நிலை வேறு. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து, 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துக்களைத் தட்டிய ஒருவருக்கு என்ன நேரும்? ஈ என்றால் முழுவதையும் தெரிவு செய். டி என்றால் அழி. ஐ என்றால் எழுதத் தொடங்கு. கடைசியாக ரீ என்ற ஓரெழுத்து. ஆவணம் முழுவதும் மறைந்து, திரையில் அந்த ஓரெழுத்து மாத்திரம் எஞ்சி நிற்கும். கணினி விஞ்ஞானிகள் இதனைச் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. ஒரு நாளின் உழைப்பை இப்படி இழந்தவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் லரி டெஸ்லர். செரொக்ஸுக்குச் சொந்தமான ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக அவரும் ரிம் மொட் என்பவரும் சேர்ந்து 'ஜிப்சி' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். கணினி விஞ்ஞானிகளைக் கேட்டு அதனைச் செய்யவில்லை. பதிப்பகத்தில் வேலை செய்த ஆசிரியர்களின் மேசைகளுக்குச் சென்று, அவர்கள் கத்தரிக்கோலாலும் பசையாலும் பக்கங்களை எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். வெட்டு, பிரதி எடு, ஒட்டு என்று இன்று உலகமே செய்யும் வேலை அந்த மேசைகளிலிருந்துதான் கணினிக்குள் வந்தது. ஆசிரிய பீடங்களில் பசைப் போத்தலோடு வளர்ந்த என் தலைமுறைக்கு இது பெருமை தரும் செய்தி என்பதை மறைப்பானேன்.

டெஸ்லர் 1980இல் அப்பிளுக்குச் சென்றார். லீசா என்ற கணினிக்காக அவர் செய்த ஒரு சிறு தெரிவு, மனித விரல்களை எத்தனையோ கோடி தடவைகள் அசைய வைத்திருக்கிறது. விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு விசைகளைச் செய்ததை மீளப்பெறுதல், வெட்டுதல், பிரதி எடுத்தல், ஒட்டுதல் என்ற நான்கு செயல்களுக்கும் வகுத்துக் கொடுத்தார். எக்ஸ் குறுக்கே அடிப்பதற்கான கோடு. சி ஆங்கிலத்தில் பிரதி என்ற சொல்லின் முதலெழுத்து. வி, அச்சுப்பிழை திருத்துவோர் விடுபட்ட சொல்லைச் சேர்க்க இடும் கூர்க்குறியின் தலைகீழ் வடிவம். புரூஃப் பார்ப்பவருக்கு இது உடனே விளங்கும். இவை நான்கும் இடக்கையின் எல்லைக்குள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வலக்கை மவுஸில், இடக்கை கட்டளையில். எங்கெல்பாட்டின் ஐந்து விசைப் பலகை வேறொரு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது என்பேன். டெஸ்லர் 2020 பெப்ரவரியில் காலமானார். அவரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகளில் பல, அவர் கண்டுபிடித்த முறையிலேயே வெட்டி ஒட்டப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

மக்கின்ரோஷின் கதையில் மறக்கப்பட்ட இன்னொருவர் ஜெஃப் ரஸ்கின். 1979இல் அப்பிளில் மக்கின்ரோஷ் திட்டத்தைத் தொடங்கியவர் இவரே. தமக்குப் பிடித்த அப்பிள் வகையொன்றின் பெயரைக் கணினிக்கு வைத்தவரும் இவரே. மலிவான, எவரும் பாவிக்கக்கூடிய, எழுத்தை மையமாகக் கொண்ட கணினியொன்றே அவர் மனதில் இருந்தது. 1981இல் ஜொப்ஸ் அத்திட்டத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். ரஸ்கின் 1982இல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். வெளியே வந்தவர் தாம் நினைத்த கணினியைச் செய்யாமல் விடவில்லை. 1987இல் கெனன் நிறுவனம் வெளியிட்ட 'கெனன் கட்' அதுதான்.

அதில் மவுஸ் இல்லை. மெனு இல்லை. படச்சின்னங்கள் இல்லை. கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் வேலைகூட இல்லை. எழுதியதெல்லாம் ஒரே நீண்ட சுருளாக ஓடும். இடைவெளி விசைக்குக் கீழே, பெருவிரல்கள் இயல்பாகத் தங்குமிடத்தில், 'தாவு' என்ற பெயர் பொறித்த இரு விசைகள் இருந்தன. ஒன்று முன்னே தாவுவதற்கு, மற்றது பின்னே தாவுவதற்கு. அதை அழுத்திப் பிடித்தபடி, போக வேண்டிய இடத்திலுள்ள சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்துக்களைத் தட்டினால் குறி அங்கு பாய்ந்து நிற்கும். விசையை விட்டவுடன் மீண்டும் எழுதும் நிலை. விரல் அழுத்தியிருக்கும் வரை மாத்திரமே நிலை மாறியிருப்பதால், எந்த நிலையில் இருக்கிறோம் என்ற மயக்கத்துக்கு இடமில்லை. 1,495 டொலர் விலையிட்ட அந்தக் கணினி ஏறக்குறைய 20,000 விற்றதோடு, ஆறு மாதங்களில் நிறுத்தப்பட்டது. வணிகத்தில் தோற்ற பொருள்தான். ஆனால் இன்று எந்த மாக் கணினியிலும் இரண்டெழுத்தைத் தட்டி வேண்டியதைத் தேடியெடுக்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ரஸ்கினின் தாவு விசையைத்தான் அழுத்துகிறார்கள்.

இடையே கொமாண்ட் விசையின் சின்னம் பற்றி ஒரு வார்த்தை. நான்கு மூலைகளிலும் வளையம் கொண்ட அந்தச் சதுரம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. முதலில் அவ்விடத்தில் அப்பிள் சின்னமே இருந்தது. மெனுக்களில் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் அது நிரைநிரையாக வந்து நிற்பதைக் கண்ட ஜொப்ஸ், நிறுவனத்தின் சின்னத்தை இப்படி வீணடிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார். சித்திரக்காரியான சூசன் கெயார் சின்னங்களின் அகராதியொன்றைப் புரட்டி, சுவீடன் நாட்டில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டுவதற்கு வழியோரப் பலகைகளில் இடப்படும் குறியொன்றைக் கண்டெடுத்தார். 1983 ஆகஸ்டில் நடந்த சங்கதி இது என்று அக்குழுவிலிருந்த அன்டி ஹேட்ஸ்ஃபெல்ட் எழுதி வைத்திருக்கிறார்.

1985 செப்டெம்பரில் ஜொப்ஸ் அப்பிளை விட்டு விலகினார். 1986 ஜனவரியில் வெளியான மக்கின்ரோஷ் பிளஸ் கணினியின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகள் வந்து குந்திக்கொண்டன. அவர் போய் நான்கு மாதங்கள்தான்.

விசை வந்துவிட்டதே தவிர வாதம் தீரவில்லை. அப்பிளின் தொடக்ககால இடைமுக வல்லுநரான புரூஸ் தொக்னாசினி 1980களின் இறுதியில் எழுதிய ஒரு பத்தி இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அப்பிள் ஐந்து கோடி டொலர் செலவிட்டு ஆராய்ந்ததாகவும், பரிசோதனைக்கு வந்தவர்கள் விசைகளே விரைவானவை என்று ஒரே குரலில் சொன்னதாகவும், கையிலிருந்த கடிகாரமோ மவுஸ்தான் விரைவானது என்று ஒவ்வொரு முறையும் காட்டியதாகவும் அவர் எழுதினார். எந்த விசையை அழுத்துவதென்று முடிவு செய்ய மூளைக்கு இரண்டு செக்கன்கள் வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு செக்கன்களும் பாவனையாளருக்கு நினைவில் நிற்பதேயில்லை என்பது அவர் தந்த விளக்கம்.

இதனை வெறும் நிறுவன விசுவாசம் என்று தள்ளிவிட முடியாது. ஸ்டூவர்ட் கார்ட், தோமஸ் மொரன், அலன் நியூவெல் என்ற மூவர் 1980இல் வெளியிட்ட கணக்கொன்று இருக்கிறது. சராசரித் தேர்ச்சியுள்ள தட்டச்சாளருக்கு ஒரு விசையை அழுத்த 0.2 செக்கன். மவுஸால் ஓரிடத்தைச் சுட்ட 1.1 செக்கன். கையை விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே ஒருமுறை நகர்த்த 0.4 செக்கன். அடுத்து என்ன செய்வதென்று மனம் ஆயத்தமாக 1.35 செக்கன். இவற்றைக் கூட்டிப் பார்த்தால், மெனுவைத் தேடிச் சென்று கட்டளையைச் சுட்டித் திரும்பி வருவதற்கு மூன்று செக்கன்கள் ஆகின்றன. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த 0.4 செக்கன் போதும். மனம் தயங்கினாலும் 1.75 தான். எனில் தொக்னாசினி கண்டது என்ன? தெரியாத விசையை நினைவுக்குக் கொண்டுவரும் தடுமாற்றம். அது 1.35 செக்கனோடு நிற்பதில்லை. பழகாதவனுக்கு மவுஸ் விரைவானது. பழகியவனுக்கு விசை விரைவானது. கடிகாரம் பொய் சொல்லவில்லை, எவனுடைய கையைக் கடிகாரம் அளந்தது என்பதே கேள்வி.

பழகியவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு மனதைச் சங்கடப்படுத்தும் விடையொன்று 2005இல் கிடைத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் நல்ல அனுபவமுள்ள 251 பேரிடம் விசாரித்தார்கள். விசைகளே வேகமானவை என்று அவர்களது அளவீடு காட்டியது. ஆனால் அனுபவசாலிகளிலேயே பெரும்பாலானோர் திரையின் படச்சின்னங்களைத்தான் சுட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்காக வேலை செய்தும் அவர்கள் அடுத்த படிக்கு ஏறவில்லை. எங்கெல்பாட் சொன்ன மூன்று சக்கர சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது.

ஏறியவர்கள் சும்மா இருக்கவில்லை. மக்கின்ரோஷின் இரண்டாம் தலைமுறைப் பாவனையாளர்கள் கணினியை அவிழ்த்துத் தைக்கத் தொடங்கினார்கள். 'ரெஸ்எடிட்' என்று அப்பிள் மென்பொருள் எழுதுவோருக்காக வெளியிட்ட கருவியொன்று இருந்தது. அதனால் ஒரு மென்பொருளின் மெனுவைத் திறந்து, விசை கொடுக்கப்படாத கட்டளைக்குத் தாமே ஒரு விசையைப் பதித்துக்கொள்ளலாம். கை தவறினால் மென்பொருளே பாழாகும். அயோவா மாநிலத்தின் சீ.ஈ. சொஃப்ட்வெயார் நிறுவனம் வெளியிட்ட 'குயிக்கீஸ்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. பல செயல்களை ஒரே விசையில் கோர்த்துவிடலாம்.

இவற்றை விரும்பி வாங்கியவர்களில் அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் அதிகம். பேஜ்மேக்கரும் குவார்க் எக்ஸ்பிரஸும் பத்திரிகைப் பக்கங்களைக் கைப்பற்றிய காலம் அது. நல்ல பக்க வடிவமைப்பாளர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வலக்கை மவுஸை விட்டு அசையாது, இடக்கை கொமாண்ட் விசையின் மேலிருந்து எழும்பாது. தலைப்பின் எழுத்தளவு ஏறும், இறங்கும், பத்தி சுருங்கும், படம் நகரும். மெனு ஒருபோதும் திறக்காது. பக்கம் முடியும் நேரத்தில் செய்தியாசிரியர் பின்னால் வந்து நின்று அவசரப்படுத்தும்போது, ஒவ்வொரு மூன்று செக்கனுக்கும் பெறுமதி உண்டு. அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. மணிக்கட்டு வலியோடு வேலையை விட்டவர்களை நான் அறிவேன். மவுஸைப் பிடித்த கைதான் பெரும்பாலும் முதலில் விழுந்தது.

வரலாற்றின் வேடிக்கை என்னவென்றால், அம்புக்குறி விசைகளை ஒழித்த ஜொப்ஸே அவற்றைவிடப் பழைய விசைகளைப் பின்னர் அப்பிளுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். அப்பிளை விட்டு விலகி அவர் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கு விற்கவென்று கணினி செய்தது. பல்கலைக்கழகக்காரர்களின் விரல்களோ 'ஈமக்ஸ்' என்ற எழுத்தாக்கிக்குப் பழகியவை. 1976இல் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்தில் பிறந்த அந்த மென்பொருளில் கொன்ட்ரோல் விசையோடு ஏ என்றால் வரியின் தொடக்கம், ஈ என்றால் இறுதி, எஃப் என்றால் ஓரெழுத்து முன்னே, பி என்றால் ஓரெழுத்து பின்னே, கே என்றால் வரியின் மீதியை வெட்டு. நெக்ஸ்ட் அந்த விசைகளைத் தன் எழுத்துப் பெட்டிகளின் அடியிலேயே பதித்து வைத்தது. 1996 இறுதியில் அப்பிள் நெக்ஸ்டை விலைக்கு வாங்க, ஜொப்ஸும் திரும்பினார், அந்த விசைகளும் கூடவே வந்தன. 2001இல் வெளியான மாக் ஓ.எஸ். டென் முதல் இன்றுவரை, மாக் கணினியில் மின்னஞ்சல் எழுதும்போது கொன்ட்ரோலையும் ஏயையும் அழுத்திப் பாருங்கள், குறி வரியின் தலைக்குப் போகும். அம்புக்குறி விசைகளே இல்லாத முனையங்களின் காலத்துப் பழக்கம் அது.

புதிய இயங்குதளம் பாவனையாளருக்குச் சில உரிமைகளையும் கொடுத்தது. 2003இல் வந்த பந்தர் பதிப்பிலிருந்து, எந்த மென்பொருளின் எந்த மெனுக் கட்டளைக்கும் அமைப்புப் பகுதியிலேயே தாம் விரும்பும் விசையைக் கொடுத்துக்கொள்ளலாம். மெனுவில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ரெஸ்எடிட் காலத்தில் கள்ளத்தனமாகச் செய்தது இப்போது முன்வாசலால் அனுமதிக்கப்பட்டது.

அதே ஆண்டில் நிக்கலஸ் ஜிற்கொஃப் என்ற இளைஞர் 'குயிக்சில்வர்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். அதற்கு முன்னரே வியன்னாவிலிருந்து, நெக்ஸ்ட் கணினிகளில் பிறந்த 'லோஞ்ச்பார்' வந்திருந்தது. இரண்டெழுத்துச் சுருக்கத்தால் மென்பொருளைத் திறப்பது லோஞ்ச்பார் காட்டிய வழி. குயிக்சில்வர் அதற்கு இலக்கணம் கொடுத்தது. முதலில் பொருளைத் தெரிவு செய். பிறகு அதனை என்ன செய்வதென்று சொல். வேண்டுமானால் யாருக்கு என்பதையும் சொல். அறிக்கையை, அனுப்பு, ஆசிரியருக்கு. ஆங்கிலேயனுக்கு இது தலைகீழ் வாக்கியம். அவன் வினையை முன்னே வைத்துப் பழகியவன். செயப்படுபொருளை முன்னே வைத்து வினையைப் பின்னே வைக்கும் தமிழனுக்கோ இதில் வியப்பு எதுவுமில்லை. தொல்காப்பியரிடம் கேட்டிருந்தால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பார். குயிக்சில்வரைப் பாவித்தவர்கள் அதனை ஒரு மதம்போலப் பரப்பினார்கள். மேசைத்திரையில் ஒரு படச்சின்னமும் இல்லாமல் துடைத்து வைத்திருப்பது அன்று பெருமையாகக் கருதப்பட்டது.

2005 பெப்ரவரியில் ஜெஃப் ரஸ்கின் புற்றுநோயால் காலமானார். இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரல் 29ஆம் திகதி, அப்பிள் தனது டைகர் பதிப்பை வெளியிட்டது. அதன் பெரிய செய்தி ஸ்பொட்லைட். கொமாண்டோடு இடைவெளி விசையை அழுத்தி, தேடுவதன் முதலெழுத்துக்களைத் தட்டினால் கணினி கண்டுபிடித்துத் தரும். தான் வெளியேறிய நிறுவனம் தன் வழிக்கு வந்ததைப் பார்க்க ரஸ்கின் இருக்கவில்லை. அவருடைய மகன் அஸா ரஸ்கின் 2007இல் 'என்ஸோ' என்ற மென்பொருளை வெளியிட்டார். கப்ஸ் லொக் விசையை அழுத்திப் பிடித்தபடி கட்டளையைத் தட்ட வேண்டும். தகப்பனாரின் தாவு விசையின் பேரன் என்று அதைச் சொல்லலாம். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது.

டைகரோடு சேர்ந்து வந்த இன்னொன்று 'வொய்ஸ் ஓவர்'. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் அந்த வசதி விசைப்பலகையாலேயே இயங்குவது. விசைகளா மவுஸா என்ற வழக்கில் பலர் மறந்துவிடும் பக்கம் இது. எங்களுக்கு மூன்று செக்கன் மிச்சமா இல்லையா என்ற விவாதம். திரையில் ஓடும் குறியைக் காண முடியாதவருக்கும், கை நடுங்குபவருக்கும், கணினி அவருடையதா இல்லையா என்ற விவாதம். 1984ஆம் ஆண்டின் மக்கின்ரோஷ் அவர்களுக்குக் கதவை மூடியே வைத்திருந்தது. இதனை அழகியல் முடிவு என்று சிலர் இன்றும் புகழ்ந்து எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பாடம் படிக்கப்பட்டதா என்றால், 2016இல் அப்பிள் தனது மக்புக் புரோ மடிக்கணினிகளின் மேல்வரிசை விசைகளை எடுத்துவிட்டு அவ்விடத்தில் தொடுபட்டை ஒன்றை வைத்தது. எஸ்கேப் விசைகூட ஒளியால் வரைந்த படமாகிப் போனது. கண்ணால் பாராமல் விரலால் மாத்திரம் விசையைக் கண்டுபிடிப்பவர்கள் கொதித்துப் போனார்கள். 2019இல் எஸ்கேப் திரும்பியது. அம்புக்குறி விசைகளும், விரல் தடவி அறியக்கூடிய தலைகீழ் ரீ வடிவத்தில் அவ்வாண்டே மீண்டன. 2021இல் எஃப் வரிசை முழுவதும் வந்தது. 2023இல் தொடுபட்டையுடன் எஞ்சியிருந்த கடைசி மாதிரியும் நிறுத்தப்பட்டது. முதல்முறை விசைகள் திரும்ப இரண்டு ஆண்டுகள் எடுத்தன. இரண்டாம் முறை ஐந்து ஆண்டுகள்.

குயிக்சில்வருக்குப் பின் 2010இல் 'அல்ஃபிரட்', 2020இல் 'ரேகாஸ்ட்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2025இல் வெளியான டாஹோ பதிப்பில் அப்பிள் ஸ்பொட்லைட்டுக்கே கட்டளைகளை நிறைவேற்றும் திறனைக் கொடுத்தது. வெட்டிப் பிரதி எடுத்தவற்றின் பழைய வரிசையையும் அதிலேயே பார்க்கலாம். வெளியார் செய்து காட்டியதை இருபது ஆண்டுகள் கழித்து உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, தமிழில் எழுதுவோருக்கான ஒரு சங்கதி. ஸ்பொட்லைட் வருமுன்னர் கொமாண்ட் இடைவெளி என்ற சேர்க்கை சும்மா கிடக்கவில்லை. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு விசைப்பலகையை மாற்றுவதற்கென்று மாக் கணினியில் நெடுங்காலமாக இருந்த வழி அதுதான். ஒரே மொழியில் எழுதும் அமெரிக்கருக்கு அது தேவைப்படாத விசை. ஆகவே 2005இல் அதனை எடுத்து ஸ்பொட்லைட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறை மாக் கணினியோடு சேர்ந்தே கிடைத்து, தமிழில் எழுதத் தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை என்று நாம் மகிழ்ந்த காலமும் ஏறத்தாழ அதுவே. ஒரு கட்டுரையில் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் வாக்கியங்களும் மாறி மாறி வரும்போது நூறு தடவையாவது மொழி மாற்ற வேண்டும். ஜப்பானியர், அரபியர், ருஷ்யர் எல்லோருக்கும் இதே கதை. 2016இன் சியரா பதிப்பில்தான் அப்பிள் மொழி மாற்றத்துக்குக் கொன்ட்ரோல் இடைவெளி என்ற நிலையான சேர்க்கையை வகுத்துக் கொடுத்தது.

நான் என் கணினியில் செய்துவைத்திருக்கும் மாற்றங்கள் பெரியவை அல்ல. திரையின் அடியிலுள்ள சின்ன வரிசையை மறைத்துவிட்டேன். கப்ஸ் லொக் விசையைக் கொன்ட்ரோலாக மாற்றியிருக்கிறேன். பழைய முனையங்களில் கொன்ட்ரோல் இருந்த இடம் அதுதான், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாத நம் மொழிக்கு அந்த விசையால் ஆவதும் ஒன்றுமில்லை. சொற்களை எண்ணும் கட்டளைக்கும், குறிப்புச் சேர்க்கும் கட்டளைக்கும் நானே விசை கொடுத்திருக்கிறேன். ஸ்பொட்லைட்டை ஒப்ஷன் இடைவெளிக்கு இடம்பெயர்த்தேன். கொமாண்ட் இடைவெளியை அழுத்தினால் என் கணினி தமிழுக்கு மாறும்.